ஓராண்டு வாசிப்பும் ஒரு பழைய பொய்யும்



இன்றைய உரையில் ஒரு நூலை விமர்சிக்கவோ ஓர் எழுத்தாளரை அறிமுகம் செய்யவோ நான் வரவில்லை. 2024ஆம் ஆண்டு முழுவதும் நான் பட்ட பாட்டைச் சொல்ல வந்திருக்கிறேன். பாடு என்றதும் பயந்துவிட வேண்டாம். வாசிப்புப் பாடுதான்.

கனடாவில், ரொறன்ரோ நகரில் என் மகள் குடும்பம் இருக்கிறது. மூத்த பேத்திக்குப் பதினாறு வயது. 2023 டிசம்பரில் ஒரு நாள் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, "அம்மப்பா, நீங்கள் இப்ப என்ன வாசிக்கிறீங்கள்?" என்று கேட்டாள். நான் பத்திரிகை என்றேன். "புத்தகம்?" என்றாள். எனக்கு மறுமொழி வரவில்லை. கண்ணில் வெண்புரை வளர்ந்ததைச் சாட்டாக வைத்து நான் புத்தகத்தை விட்டு நாலு வருடங்கள் ஆகியிருந்தன. வெண்புரையைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றிய பின்னும் சாட்டு மட்டும் அகலவில்லை. என் மனைவி காலமான பின்னர் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு, "இதைக் கேளும்" என்று சொல்ல ஆளில்லாமற் போனதுதான் உண்மையான காரணம் என்று இப்போது எண்ணுகிறேன்.

அடுத்த நாள் அவள் ஒரு பட்டியலை அனுப்பினாள். வாசிப்புச் சவால் என்று அதற்குப் பெயர். மேலைநாட்டு வாசகரிடையே இது இன்று பெரிய வழக்கம். 'குட்ரீட்ஸ்' என்ற இணையத்தளம், வருடத்தில் இத்தனை நூல் வாசிப்பேன் என்று எண்ணிக்கை குறித்துக்கொள்ளும் முறையை 2011இல் தொடங்கியது. 2015 அளவில் வேறு சில தளங்கள் எண்ணிக்கைக்குப் பதிலாக வகைகளை வைத்தன. தலைப்பில் ஒரு நிறம் வரும் புத்தகம், நூறு வருடங்களுக்கு முந்திய புத்தகம், பாதியில் கைவிட்ட புத்தகம் என்று இப்படி. எந்த நூலைத் தெரிவு செய்வது என்பது வாசகரின் பொறுப்பு. எங்கள் நாட்டிலும் ஒக்டோபர் மாதத்தை வாசிப்பு மாதம் என்று கொண்டாடுகிறோம். பாடசாலைகளிற் பதாகை கட்டுகிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம். நவம்பரிற் பதாகையைக் கழற்றிவிடுகிறோம்.

சவால் என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. வாசிப்பு என்ன மாட்டுவண்டிச் சவாரியா என்று கேட்டேன். அவளுக்கு மாட்டுவண்டிச் சவாரி தெரியாது. அதை விளக்குவதற்கு அரை மணித்தியாலம் போயிற்று. அதன் முடிவில், எப்படியென்று தெரியாமல், நான் சம்மதித்திருந்தேன். மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு புத்தகங்கள். அவளும் அதே பட்டியலைப் பின்பற்றுவாள்.

முதலாவது வரி, நீங்கள் பிறந்த ஆண்டில் வெளிவந்த ஒரு நூல். நான் பிறந்தது 1952. ஹெமிங்வேயின் கிழவனும் கடலும் பற்றிய சிறு நாவல் அவ்வாண்டு வெளிவந்தது. நான் அதைத் தெரிவு செய்ததற்குக் காரணம் இலக்கியம் அல்ல. அது மெல்லிய புத்தகம். இந்தச் சவால்களின் பெரிய குறையும் இதுதான். எண்ணிக்கை என்று வந்துவிட்டால் மனிதன் மெல்லிய புத்தகத்தைத் தேடத் தொடங்கிவிடுவான். ஆனால் வாசித்தபோது ஒன்று நடந்தது. இருபது வயதில் அதை வாசித்தபோது எனக்கு மீன்தான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது, எண்பத்து நான்கு நாட்களாக ஒரு மீனும் அகப்படாத அந்த மனிதன், மறுநாள் காலையிலும் எழுந்து வள்ளத்தை இறக்குகிறானே, அந்த முதற் பக்கங்களிலேயே நான் நின்றுவிட்டேன். ஜனவரி மாதம் முழுவதும் அந்த நூறு பக்கத்துக்கே போயிற்று.

நூறு வருடங்களுக்கு முந்திய நூல் என்ற வரிக்கு 'அசன்பேயுடைய கதை'யை எடுத்தேன். கண்டியில் வாழ்ந்த சித்திலெவ்வை 1885இல் வெளியிட்டது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று மாணவர்களுக்கு எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆசிரியர் பெயர், ஆண்டு, இரண்டு புள்ளி. நூலைக் கண்ணாற் கண்டதில்லை. பேத்தி இணையத்திற் தேடி அனுப்பியபோதுதான் முதல் தடவையாகத் திறந்தேன். நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் ஏற்றிவருவதை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். கதை எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கிறது. பிள்ளை கடத்தப்படுகிறான், வளர்கிறான், பிறப்பு வெளியாகிறது. எங்கள் முதல் நாவலில் எங்கள் மண்ணைக் காணோம் என்று குறை சொல்வோர் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். அதுவும் வாசிக்காமலே. வாசித்த பின் அந்தக் குறை எனக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. கண்டியில் இருந்துகொண்டு கெய்ரோ வரை மனதை அனுப்பிய ஒருவரின் துணிச்சலே கண்ணிற் பட்டது.

நாடகம் ஒன்று, அட்டைப் படத்துக்காக வாங்கிய நூல் ஒன்று, விலங்குகள் பற்றியது ஒன்று. இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாடகத்தை வாசிப்பது சமையற் குறிப்பை வாசிப்பது போன்றது. பசி தீராது.

நிறத்தைப் பற்றிய வரிக்கு வருகிறேன். தலைப்பில் ஒரு நிறம். பேத்தி ஏதோ ஆங்கில நாவலை எடுத்தாள். நான் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யை எடுத்தேன். 1964இல் வெளிவந்தது. தமிழகத்திலிருந்து மலையகத்துக்குக் கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளர் பற்றிய நாவல். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியைப் பேத்திக்கு விளக்கவேண்டி வந்தது. "அப்ப கிட்டப் போனால்?" என்று கேட்டாள். கிட்டப் போனால் என்ன என்பதுதான் நாவல் என்றேன். அதே 1964 ஒக்டோபரிற்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்பது. மனிதரைப் பங்கு பிரித்த அந்தக் கணக்கை நான் பாடசாலையில் ஒரு குடியியல் வினாவாகவே படித்தேன். நாளொன்றுக்கு நாலு தேத்தண்ணி குடிக்கும் யாழ்ப்பாணத்தவன், அந்தக் கொழுந்தை ஆய்ந்தவர்களைப் பற்றி ஒரு பெண் எழுதிய நாவலை அறுபது வருடம் பிந்தித்தான் வாசித்தேன். வெட்கத்துடன் சொல்கிறேன்.

வெட்கம் அத்தோடு முடியவில்லை. உங்கள் அயலவரின் மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட நூல் என்று ஒரு வரி. கனடாவில் இருக்கும் அவளுக்கு அது பிரெஞ்சு. எனக்குச் சிங்களம். கொழும்பில், வெள்ளவத்தையில், இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் தேங்காய் விலை தொடக்கம் தேர்தல் வரை எல்லாம் கதைப்போம். அவர் வாசித்து வளர்ந்த நூல் எது என்று நான் கேட்டதில்லை. கேட்டேன். ஒரு கணமும் யோசிக்காமல் 'கம்பெரலிய' என்றார். மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட நாவல். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கியதும், 1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றதும் எனக்குத் தெரியும். நாவலைத் தமிழில் எம்.எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்று பெயர்த்திருப்பதும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, வாசித்திருப்பது வேறு என்பதுதான் இந்த ஆண்டு முழுவதும் எனக்குக் கிடைத்த அடி.

கொக்கலையில் ஒரு பெரிய வீடு. பழைய பெருமை, குறைந்துவரும் வருமானம். பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் பியல் அந்த வீட்டுப் பெண் நந்தாவை விரும்புகிறான். குலம் போதாது என்று மறுக்கப்படுகிறான். அவள் தகுதியான குடும்பத்து ஜினதாசவை மணக்கிறாள். அவனோ வியாபாரத்தில் நொடிந்து தூர இடம் போய் மடிகிறான். வீட்டின் கூரை ஒழுகுவதை விக்கிரமசிங்க எழுதும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இருந்தேன். எங்கள் ஊரிலும் அப்படி ஒரு வீடு இருந்தது. நாற்சார வீடு. மலாயாக் காசில் கட்டியது. ஆண்பிள்ளைகள் கொழும்பில் இலிகிதர்களாகப் போக, பெண்பிள்ளைகளின் சீதனத்துக்காகக் காணி துண்டு துண்டாகப் போயிற்று. கடைசியில் நாற்சாரத்தின் நடுவே மழைக்கு வாளி வைத்தார்கள். கொக்கலையிலும் அதே வாளி. பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னபோது அவர் எழுந்து உள்ளே போய்த் தன் பழைய பிரதியை எடுத்துவந்து காட்டினார். தகப்பனார் கையொப்பம் இட்டிருந்தது. அன்று நாங்கள் தேங்காய் விலையைப் பற்றிக் கதைக்கவில்லை.

வயதிற் குறைந்த ஒருவர் தெரிவு செய்யும் நூல் என்ற வரி ஜூலை மாதத்துக்கு உரியது. பேத்தி 'மவுஸ்' என்ற நூலைத் தெரிவு செய்தாள். ஆர்ட் ஸ்பீகல்மன் எழுதி வரைந்தது. எழுதி வரைந்தது என்றதும் விளங்கியிருக்கும். அது ஒரு கொமிக்ஸ். வகுப்பிற் கொமிக்ஸ் வைத்திருந்த பிள்ளைகளிடமிருந்து அவற்றைப் பறித்து மேசை லாச்சிக்குள் பூட்டிய ஆசிரியன் நான். ஒரு லாச்சி நிறைய இருந்தன. ஆயினும் நிபந்தனை நிபந்தனைதான்.

நாசிகளின் வதைமுகாமிலிருந்து தப்பிய யூதத் தகப்பனிடம் மகன் அமர்ந்து கதை கேட்கிறான். யூதர் எலிகளாகவும் ஜேர்மனியர் பூனைகளாகவும் வரையப்பட்டிருக்கிறார்கள். 1992இல் புலிற்சர் விசேட விருது பெற்ற நூல். தகப்பன் கஞ்சன், சிடுமூஞ்சி. மகனுக்குப் பொறுமை இல்லை. ஒரு கட்டத்தில், தாயார் எழுதிவைத்த குறிப்புப் புத்தகங்களைத் தகப்பன் எரித்துவிட்டது தெரியவருகிறது. மகன் வெடிக்கிறான். நான் கண்ணாடியைக் கழற்றிவைத்தேன். பேத்தி இதை ஏன் தெரிவு செய்தாள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அவளுக்கு நான் எதையும் சொன்னதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்ததைக்கூட, 'அப்ப இடம்பெயர்ந்தனாங்கள்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவேன். அறுநூறு புத்தகங்களை விட்டுவிட்டு ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்த கதை அவளுக்குத் தெரியாது. ஜூலை மாதக் கடைசியில் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. அடுப்பு என்ன நிறம் என்று மட்டும் கேட்டாள். பச்சை.

இனி மிஞ்சியது ஒரு வரி. அதை நான் ஜனவரியிலிருந்தே தள்ளித் தள்ளி வைத்துவந்தேன். 'வாசித்ததாகச் சொல்லிக்கொண்டு வாசிக்காமல் விட்ட நூல்' என்பது அந்த வரி.

நேயர்களே, 1978ஆம் ஆண்டு ரோல்ஸ்ரோயின் 150ஆவது பிறந்த ஆண்டு. சோவியத் நூல்கள் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்த காலம். எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு கூட்டம் ஒழுங்கு செய்தார்கள். நான் இருபத்தாறு வயது ஆசிரியன். டி.எஸ். சொக்கலிங்கம் தமிழாக்கிய 'போரும் வாழ்வும்' நாவலைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். உற்சாகமாகச் சம்மதித்துவிட்டு வாசிகசாலைக்குப் போனால், முதற் பாகம் மட்டும் இராக்கையில் இருந்தது. மற்றவை இரவல் போயிருந்தன. முதற் பாகத்தை வாசித்தேன். மீதியை ஒரு ஆங்கில முன்னுரையிலிருந்தும் இரண்டு கட்டுரைகளிலிருந்தும் பொறுக்கினேன். நாற்பது நிமிடம் பேசினேன். நெப்போலியன், பொரதீனோப் போர், மொஸ்கோ எரிந்தது, வரலாற்றில் தனிமனிதனின் இடம். நல்ல கைதட்டல். மாலையும் போட்டார்கள். அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருடம், எவர் கேட்டாலும் அந்த நாவலை வாசித்தவன் என்றே சொல்லிவந்தேன். காலப்போக்கில் நானே நம்பிவிட்டேன்.

கூட்டம் முடிந்து சோடா குடித்துக்கொண்டிருந்தபோது என் மாணவன் ஒருவன் வந்தான். பத்தாம் வகுப்பு. மெலிந்த பொடியன், கூச்சக்காரன். "சேர், பேத்யாவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?" என்றான். எனக்கு முதற் பாகத்தில் வரும் சிறு பிள்ளை மங்கலாக நினைவு வந்தது. ரொஸ்தோவ் வீட்டின் கடைசிப் பிள்ளை. "அது சின்னப் பாத்திரமடா. பெரிய நாவலிலை அப்பிடிக் கனபேர் வருவினம்" என்றேன். அவன் தலையை ஆட்டினான். ஏதோ சொல்ல வந்தது போல ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டான். மற்றப் பாகங்களை இரவல் எடுத்துச் சென்றிருந்தவன் அவன்தான் என்று பின்னர் வாசிகசாலைப் பொறுப்பாளர் சொன்னார்.

2024 ஓகஸ்ட் நடுப்பகுதியில், சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் மூலம் தருவித்த மறுபதிப்பையும், ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்திற் பக்கமாக வைத்துக்கொண்டு தொடங்கினேன். ஆங்கிலப் பிரதியில் 361 அத்தியாயங்கள். பெரும்பாலும் சிறியவை. நாளொன்றுக்கு மூன்று என்று கணக்கு வைத்தேன். தொடக்கத்திற் பெயர்கள் குழப்பும். ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். ஒரு கொப்பியில் வம்சவரிசை எழுதிக்கொண்டேன். செப்டெம்பரில் அந்தக் கொப்பி தேவைப்படவில்லை. வரலாற்றைப் பற்றி ரோல்ஸ்ரோய் செய்யும் நீண்ட பிரசங்கங்கள் இன்றைக்கும் அலுப்புத்தான். அதை மறைக்கத் தேவையில்லை. அன்று என் நாற்பது நிமிடத்திற் பெரும் பங்கு அந்தப் பிரசங்கத்துக்கே போனது. காரணம், கட்டுரைகளில் இருந்தது அதுதான்.

பேத்யாவை நவம்பர் மாதக் கடைசியில் கண்டேன். வெளியே விடாத மழை. 1812இல் அவனுக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும். வீட்டார் தடுத்தும் கேளாமற் படையிற் சேர்கிறான். கெரில்லாக் குழு ஒன்றுடன் வந்து ஒட்டிக்கொள்கிறான். எல்லோருக்கும் எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று துடிக்கிறான். பையிற் கொண்டுவந்த முந்திரிகை வற்றலைப் பெரியவர்களுக்கு நீட்டுகிறான். பிடிபட்ட பிரெஞ்சுத் தம்பட்டக்காரச் சிறுவனுக்குச் சாப்பாடு கொடுத்தார்களா என்று கேட்க ஆசை. ஆனால் பிள்ளைத்தனம் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். இரவு, தன் வாளைத் தீட்டும் ஓசையைக் கேட்டபடியே அரைத் தூக்கத்தில் ஒரு பெரிய சங்கீதத்தைக் கேட்கிறான். விடிந்ததும் தாக்குதல். குதிரையை முன்னே விடுகிறான். சில வரிகளில் முடிந்துவிடுகிறது. ஒரு சண்டையும் இல்லை, ஒரு வசனமும் இல்லை. சின்னப் பாத்திரம் என்று நான் சொன்னது இதைத்தான்.

1984இல் அந்த மாணவன் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்போது அவனுக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. என்னிடம் வாங்கிய செக்கோவ் சிறுகதைத் தொகுதியைத் திருப்பித் தந்தான். அட்டைக்குப் பிறவுண் பேப்பர் உறை போட்டிருந்தான். தேத்தண்ணி குடித்தான். போய்விட்டான். இரண்டு நாட்களுக்குப் பின் அவனை வீட்டிற் காணவில்லை. அந்தக் காலத்தில் 'போய்விட்டான்' என்றால் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. பின்னர் எங்கே, எப்படி, எப்போது என்று ஒரு செய்தியும் வரவில்லை. அவனது தாயார் கோயிலடியில் என்னைக் காணும்போதெல்லாம், "சேர், உங்களிட்டை ஏதும் சொன்னவனோ?" என்று கேட்பார். இல்லை அம்மா என்பேன். அது உண்மைதான். ஆனால் அவன் ஒரு தடவை ஏதோ கேட்டான் என்பதையும், நான் வாசித்த மனிதனாக இருந்திருந்தால் அந்தப் பேச்சு அன்று வாசிகசாலை வாசலில் அவ்வளவு விரைவில் முடிந்திராது என்பதையும் அவருக்கு நான் சொல்லவில்லை. பேசியிருந்தால் அவன் போயிருக்கமாட்டான் என்று சொல்ல நான் துணியமாட்டேன். பேத்யாவையே எவராலும் நிறுத்த முடியவில்லை. ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு நாவலைத் தனியே வாசித்துவிட்டு, அதைப் பற்றிப் பேச ஒருவரைத் தேடி வந்திருந்தான். நான் சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 19ஆந் திகதி நாவலை முடித்தேன். பேத்தி தன் பட்டியலை செப்டெம்பரிலேயே முடித்துவிட்டிருந்தாள். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். வாசிகசாலை, மாலை, சோடா, முந்திரிகை வற்றல், செக்கோவ். நீண்ட நேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அந்த அண்ணாவின்ர பேர் என்ன அம்மப்பா?" என்றாள்.

பெயரை இங்கே நான் கூறப்போவதில்லை. உறவினர் இருக்கிறார்கள். அவளுக்குச் சொன்னேன். எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, தமிழில், பட்டியலில் அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். எழுதியதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ரகரம் ஒன்று றகரமாக இருந்தது. திருத்தச் சொன்னேன்.

2025க்கான பட்டியலும் தயாராகிவிட்டது. இம்முறை ஆறு வரிகளை நான் எழுதினேன். அவளுக்கு நான் வைத்த முதலாவது வரி, எழுத்துக்கூட்டியாவது தமிழில் ஒரு முழுச் சிறுகதைத் தொகுதி. செக்கோவின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பிறவுண் பேப்பர் உறை போட்டு.